திம்பாங் அக்கா

அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மருத்துவ ஆராய்ச்சியில் சேர்ந்த பெண்களின் பெயரை எந்தக் காலத்திலும் வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அவர்களுக்கு எண் மட்டும்தான் உண்டு. ஆகவே திம்பாங் அக்கா என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டப்பெயரில் வடக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களில் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். சட்டப்படி நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் லோரி ஏறி நின்று எடை காட்டும் இரும்பு மேடைக்குத்தான் திம்பாங் என்று பெயர். பழக்குலைகளோடு ஒரு தடவை நிறுப்பார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியை ஒரு தடவை நிறுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம். அந்த மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அடைத்த சின்ன அறையில் பதினொரு வருடமாக அக்கா கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கம்பிபோல் கைகள், காதில் செருகிய பேனா. யார் என்ன சொன்னாலும் முதலில் "அப்படியா?" என்பார். அந்த "அப்படியா"வில் நம்பிக்கை ஒரு சொட்டும் இருக்காது.

ஒருமுறை ஒரு லோரிக்காரர் குலைகளை இறக்கிவிட்டு, வெறும் லோரியை மேடையில் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி நின்றாராம். அக்கா சன்னலைத் திறந்து, "ஏறு," என்றாராம்.

"எதுக்குக்கா?"

"வரும்போது நீ உள்ள உக்காந்திருந்தே. இப்ப வெளிய நிக்கிறே. அப்ப உன்னையும் சேத்து மில்லுக்கு வித்துட்டியா?"

அவர் ஏறினார். அந்த லோரியின் வழக்கமான வெற்று எடையைவிட நாலு கிலோ கூடுதலாக வந்தது. அக்கா விடவில்லை. விசாரித்ததில், இடைப்பட்ட நேரத்தில் அவர் காண்டீனில் நாசி லெமாக் இரண்டு பொட்டலமும் பெரிய கோப்பையில் தே ஓ ஐசும் முடித்துவிட்டு, ஒரு குலை வாழைப்பழத்தை வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்திருந்தது தெரிந்தது. அக்கா வாழைப்பழத்தை இறக்கச் சொன்னார். நாசி லெமாக்கை மன்னித்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார்.

நான் அப்போது ஒரு தாய்சேய் கிளினிக்கில் ஆய்வுத் தாதி. தோட்டத்து மக்கள் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆராய்ச்சி இதுதான். கர்ப்பத்தின் பின்பாதியில் சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் எகிறும். முகம் வீங்கும், தலை வலிக்கும், கண் மங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகிவிடும். ஐந்தாம் மாதத்திலிருந்தே கால்சியம் மாத்திரை கொடுத்தால் இதைத் தடுக்க முடியுமா என்று பார்த்தோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே உருவத்தில், அதே நிறத்தில், ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கணினிக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது, கோலாலம்பூரிலிருந்து புதன்கிழமைதோறும் வரும் டாக்டருக்கும் தெரியாது. மற்றபடி வழக்கமான மருந்தும் கவனிப்பும் எல்லோருக்கும் உண்டு.

முந்திய பேறுகாலத்தில் அழுத்தம் ஏறியவர் என்பதால் அக்காவைக் கேட்டோம். சம்மதப் படிவம் பதினொரு பக்கம். எல்லாப் பெண்களும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எங்க மிஸி கையெழுத்து?" என்று கேட்பார்கள். அக்கா காதிலிருந்த பேனாவை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியவர் யாரோ பெரிய பண்டிதர். மூன்றாம் பக்கத்தில் அக்காவின் விரல் நின்றது.

"மிஸி, இங்க வாங்க. 'எழுந்தமானமாக ஒதுக்கப்படுவீர்கள்'னு போட்டிருக்கே. எழுந்து, மானமா, எங்க ஒதுங்கணும்?"

"அது வந்து அக்கா, சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி. யாருக்கு எந்த மாத்திரைன்னு."

"யாரு குலுக்குறா?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர யாரு செக் பண்றா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனிதர், தமிழர்தான். ஆனால் தமிழ் அவர் வாயில் மரப்பு ஊசி போட்ட ஈறுபோல இருக்கும். "அதுக்கு... வேற கமிட்டி இருக்கு," என்றார்.

"அந்தக் கமிட்டிய?"

அன்றைக்கு மற்ற பெண்களுக்கு வரிசை இரண்டு மணி நேரம் தாமதமானது. ஆனால் காத்திருந்த யாரும் முணுமுணுக்கவில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்க நினைத்து வெட்கப்பட்டு விட்டதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அதே தோட்டத்து ரேவதி (இதுவும் நான் வைத்த பெயர்தான்), இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளைக்காரி, "அக்கா கையெழுத்துப் போட்டா நானும் போடுவேன்," என்றாள். கடைசியில் அக்கா பதினொரு பக்கத்திலும் நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார். ரேவதி கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எங்க மிஸி?" என்றாள்.

போத்தலில் அறுபது மாத்திரை இருக்கும். அடுத்த வருகையில் மீதியை எண்ணுவது என் வேலை. அக்கா முதல் மாதமே போத்தலையும், தனியாக ஒரு காகிதத்தில் மடித்த ஒற்றை மாத்திரையையும் மேசைமேல் வைத்தார்.

"உங்க ஆளு அறுபத்தொண்ணு போட்டிருக்கான்."

"பரவால்ல அக்கா, ஒண்ணுதானே."

"எனக்கு ஒண்ணு கூடுனா இன்னொருத்திக்கு ஒண்ணு கொறயும்ல?"

குறைந்தால் எழுத எங்களிடம் படிவம் இருந்தது. கூடினால் எழுத இல்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அந்த ஒற்றை மாத்திரைக்காக நாங்கள் இரண்டு கடிதம் எழுதினோம். அந்த மாதத்திலிருந்துதான் அக்கா என்னை "நீ" என்று பேச ஆரம்பித்தார்.

அவர் கணவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர், அதிகம் பேசாத சாது. கிளினிக்குக்கு அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மரத்தடியில் நிற்பார். ஒருநாள் நான்தான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அக்கா சமையல் எப்படி என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் கட்டுன புதுசுல, 'கறி நல்லாருக்கு'ன்னு சொன்னேன் மிஸி. 'எதோட ஒப்பிட்டு?'ன்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து நான் பேசாம சாப்பிடுறேன்."

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் அக்கா அறைக்குள் வந்ததும், "மிஸி, கதவச் சாத்து," என்றார். "நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். அதைவிட மோசம்.

"என்னோடது வெத்து."

"எது அக்கா?"

"மாத்திரை. எங்க மில்லு பாய்லர்ல சுண்ணாம்பு படியும். ஆசிட் ஊத்துனா நொரச்சிக்கிட்டு வரும். கால்சியம்னா சுண்ணாம்புதானேன்னு தோணுச்சு. வீட்டுல மொளகா ஊறப்போடச் சுக்கா, அதான் வினிகர், வாங்கி வச்சிருந்தேன். என் மாத்திரைய அதுல போட்டேன். கல்லு மாதிரிக் கெடந்துச்சு. ரேவதிகிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டேன். அம்மாடி, சோடாவத் தொறந்த மாதிரி!"

இரண்டு வருடம் திட்டமிட்ட ஆராய்ச்சி. பூட்டிய பெட்டி, ரகசிய எண், கடவுச்சொல், மூன்று கமிட்டி. அத்தனையையும் சமையலறையில் இருந்த வினிகர் போத்தல் திறந்துவிட்டது.

"ரேவதிக்குத் தெரியுமா?"

"எதுக்கு மாத்திரைன்னு கேட்டா. போத்தல் சரியான்னு பாக்கன்னு சொன்னேன். அவ நம்பிட்டா. அந்தப் புள்ள எல்லாத்தையும் நம்பும்."

புதன்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்தாளரை அழைத்தார். மூன்று பேரும் கிளினிக்கின் பின்கட்டில், தேநீர் போடும் இடத்தில், இரண்டு கோப்பையில் வினிகர் ஊற்றி, கெட்டுப்போனதென்று திருப்பி வந்த இரண்டு போத்தல்களிலிருந்து கோப்பைக்கு ஒரு மாத்திரை போட்டோம். ஒரு கோப்பை அமைதியாக இருந்தது. இன்னொன்று நுரைத்து வழிந்து மேசையில் ஓடியது. படித்த மூன்று பேர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிறம் பார்த்தோம். எடை பார்த்தோம். பத்துப் பேர வச்சு நக்கிக்கூடப் பார்த்தோம்," என்றார் டாக்டர். "வினிகர் பத்தி யாருமே யோசிக்கல."

விதிமீறல் அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் யோசித்து யோசித்து, 'பங்கேற்பாளர் செம்பனை ஆலையில் வேலை செய்பவர்' என்று எழுதினேன்.

டாக்டர் அக்காவை உட்காரவைத்து, விருப்பமிருந்தால் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்றார். வெற்று மாத்திரை என்று தெரிந்த பிறகு யார் தினமும் இரண்டு விழுங்குவார்கள்? அக்கா அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"டாக்டர், வெறும் லோரிய நிறுக்காம பழம் எவ்ளோன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்ப ரேவதி பழ லோரி, நான் வெறும் லோரி. நான் போயிட்டா அவ எடைய எப்படிச் சொல்லுவீங்க? இருக்கேன்லா. என்ன, முழுங்குறப்ப கொஞ்சம் கோவம் வரும்."

எனக்குத் தெரிந்து அவர் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. டாக்டர் அந்த லோரி உதாரணத்தைப் பிறகு இரண்டு மூன்று மாநாட்டில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார் என்று கேள்வி. சொன்னது யார் என்று சொல்லத்தான் முடியாதே.

அவருடைய எட்டாம் மாதத்தில் எங்கள் கிளினிக்குக்குப் புது ரத்த அழுத்த இயந்திரம் வந்தது. பச்சைத் திரை, பொத்தானை அமுக்கினால் இனிமையான ஓசை. அது வந்ததிலிருந்து எல்லோருக்கும் எண்கள் நன்றாக இருந்தன. எனக்கு அந்த இயந்திரம் மிகவும் பிடித்துப்போனது. புதன்கிழமை டாக்டர்முன் நல்ல எண்களை வைப்பது விருந்து பரிமாறுவதுபோல. எண்கள் ஏன் ஒரேயடியாக நன்றாக ஆயின என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அது வந்த ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை, அக்காவுக்குப் பட்டையைக் கட்டினேன். நூற்று இருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு.

"அருமை அக்கா!"

"இல்ல."

"என்ன இல்ல?"

"நான் நூத்தி இருவத்திரெண்டு இல்ல. காலைல வீட்டு மெஷின்ல நூத்தி நாப்பத்தாறு."

"பசார் மாலாம் ராத்திரிச் சந்தைல வாங்கின மெஷின்தானே அக்கா அது?"

"ஆமா. அதான் கையோட கொண்டாந்தேன்." பையிலிருந்து அதை எடுத்து, பளபளக்கும் எங்கள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மூடி உடைந்து, ரப்பர் பட்டை போட்டிருந்தது. "ஒன் கையக் காட்டு."

என்னை இரண்டிலும் அளந்தார். கிளினிக் இயந்திரத்தைவிட வீட்டு இயந்திரம் இருபத்துமூன்று கூட்டிச் சொன்னது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு அளந்தார். அவருக்கும் கிட்டத்தட்ட அதே வித்தியாசம். சத்தம் கேட்டு வந்த டாக்டரையும் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் எண்ணை நான் வெளியே சொல்லக்கூடாது. அந்த வாரத்திலிருந்து அவர் எண்ணெயில் பொரித்த பீசாங் கோரெங் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொல்வேன்.

"உங்க மெஷின்தான் கூட்டிக் காட்டுது அக்கா," என்றேன்.

"இருக்கலாம். இல்ல, ஒன்னோடது கொறச்சிக் காட்டலாம். ரெண்டு தராசு ரெண்டு பேச்சு பேசுனா மூணாவது ஒண்ணு வேணும்."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து, கையால் காற்றடிக்கும் பழைய கருவியை எடுத்தேன். டாக்டரே காதில் குழாயை மாட்டிக்கொண்டு, மெதுவாகக் காற்றை இறக்கி, முள்ளைப் பார்த்தார். முதலில் என்னை. பிறகு காவலாளியை. கடைசியாக அக்காவை. ஒவ்வொரு தடவையும் அது பசார் மாலாம் இயந்திரத்தின் பக்கமே நின்றது. அக்காவுக்கு நூற்று ஐம்பத்திரண்டுக்கு நூற்று இரண்டு.

டாக்டர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. "இவங்கள இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்," என்று தொலைபேசியை எடுத்தார்.

நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நாள். பதினான்கு பெண்கள். பதினான்கு "அருமை".

ஒவ்வொருவராக அழைத்தேன். பதின்மூன்று பேர் எடுத்தார்கள். பக்கத்தில் எது இருக்கிறதோ அந்தக் கிளினிக்குக்கு உடனே போய் மறுபடி அளந்துகொள்ளச் சொன்னேன். ஒருத்தி எடுக்கவில்லை. ரேவதி. இயந்திரம் வந்த முதல் நாளே அவளைத்தான் அளந்திருந்தேன். போகும்போது, "தல லேசா வலிக்குது மிஸி," என்றாள். வெயில்தான், தண்ணீர் குடி என்றேன். "சரி மிஸி," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் புருசனைப் பிடித்தேன். கிள்ளானில் வேலையில் இருந்தான். ரேவதி சுங்கை பஞ்சாங்கில் அம்மா வீட்டில் இருக்கிறாள், போன் பாலி வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது, வயலோரம் வீடு, முகவரி சொல்லத் தெரியவில்லை என்றான். எங்கள் வண்டி வேறு பக்கம் போயிருந்தது. ஆம்புலன்ஸ் ஒன்றுதான், அதுவும் அக்காவுக்கே ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அக்கா படுக்கையில், கையில் ஊசி ஏறிய நிலையில், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் போனக் குடு."

"படுங்க அக்கா. பேசக்கூடாது."

"பேசல. ஏசத்தான் போறேன். குடு."

லோரிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அக்கா அதில் குரல் பதிவு அனுப்பினார். "திம்பாங் அக்கா பேசுறேன். எல்லாரும் எங்க இருக்கீங்க, உடனே சொல்லுங்க." அவ்வளவுதான். மளமளவென்று பதில்கள் விழுந்தன. அக்கா ஒலியைக் கூட்டிவைத்திருந்ததால் கிளினிக் முழுதும் கேட்டது.

"அக்கா, சத்தியமா நான் குலையில தண்ணி ஊத்தல."

"அந்த மண்ணு தானா ஒட்டுனதுக்கா. மழ பேஞ்சிச்சி."

"நேத்து ஸ்பேர் டயரு நான் வைக்கல அக்கா, அது மச்சான் வச்சது."

"உங்க பாவத்தையெல்லாம் அப்புறம் கேக்குறேன்," என்றார் அக்கா. "சுங்கை பஞ்சாங் பக்கம் யாரு?"

சுங்கை பஞ்சாங்கிலிருந்து பழம் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் கிளம்பிய ஒருவர் இருந்தார். மணியம் என்று பெயர். ரேவதியின் அம்மா பாலிக்கரையில் இடியப்பம் விற்பவர், அவர் கடையில் தினமும் பசியாறுகிறவர் இவர். வீடு தெரியும். ஆனால் தயங்கினார்.

"லோட் நெறயா இருக்கே அக்கா. லேட்டாப் போனா மில்லுல பேசுவாங்களே."

"மில்லுல பேசுறது யாரு? நான்தானே? நான் இங்க படுத்துக் கெடக்கேன். நீ போயி அந்தப் புள்ளயக் கூட்டியா."

பிறகு காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அக்கா ஏற மறுத்தார். டாக்டர் கெஞ்சினார், கோபப்பட்டார். ஆங்கிலத்தில்கூடக் கோபப்பட்டார்.

"டாக்டர், இந்த வண்டியில ரெண்டு பேரு போலாம்ல?"

"போலாம். ஆனா..."

"அப்ப எதுக்கு அர லோட்டுல கெளம்பணும்? பத்து நிமிசம்."

"உங்க பிரஷர் என்னன்னு தெரியுமா?"

"நான்தானே உங்களுக்குச் சொன்னேன்?"

பத்து நிமிடம் பன்னிரண்டு ஆனது. டாக்டர் இரண்டு தாதிகளைக் கூப்பிட்டு அக்காவைக் கட்டிலோடு தூக்கிவிட முடிவு செய்த நேரத்தில், வாசலில் ஹாரன் கேட்டது. செம்பனைக் குலைகள் கோபுரமாக ஏறிய லோரி, கிளினிக்கின் பூந்தொட்டிகள் இரண்டை நசுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. முன் இருக்கையிலிருந்து ரேவதியின் அம்மா இறங்கினார். பிறகு அவரும் மணியமும் சேர்ந்து ரேவதியை இறக்கினார்கள். அவள் முகம் வீங்கி, எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"மிஸி, கண்ணு முன்னால மின்மினி பறக்குற மாதிரி இருக்கு," என்றாள். அப்போதும் சிரிக்கப் பார்த்தாள். "மின்மினி பாக்கக் கம்போங் குவாந்தான்ல படகுல போறாப்புல."

நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. கையால்தான் அளந்தேன். வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் ஊசியை டாக்டர் அங்கேயே போட்டார். இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ரேவதி கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா, எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டாள்.

அக்கா எல்லோரையும்போல "ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியாது," என்றார் அக்கா. "ஆனா நேரத்துக்கு வந்துட்ட. அது எனக்குத் தெரியும்." அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே ரேவதிக்கு அறுவை சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஆண். நாட்டுக் கோழி அளவுதான் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் இருந்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மற்ற பதின்மூன்று பேரில் இரண்டு பேருக்கு மருந்து தேவைப்பட்டது. அந்த இயந்திரத்தை வந்து எடுத்துப் போனார்கள். பசார் மாலாம் இயந்திரத்தை விலைக்குக் கேட்டார் டாக்டர். அக்கா கொடுக்கவில்லை.

அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, பிள்ளைக்கு ஒவ்வொரு நாளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் பிற்பகல் நான் பார்க்கப் போனேன். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என் தப்புதான் அக்கா. தல வலிக்குதுன்னு சொன்னா. வெயிலுன்னு அனுப்பிட்டேன்."

"ஒன் தப்புதான்," என்றார் அக்கா. அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் ஒன்றைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டாவது ஒண்ணு இருந்துச்சு மிஸி. ஏழாம் மாசம். வேற ஊரு, வேற கிளினிக்கு. எனக்கு என்னமோ சரியில்லன்னு தோணுச்சு. எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போங்கன்னாங்க. அதுக்கு முன்னாடியும் நான் இப்படித்தான், எதையும் லேசுல விடமாட்டேன். அன்னிக்கு மட்டும் அசதியா இருந்துச்சு. சரின்னு வந்துட்டேன்." சன்னல் பக்கம் பார்த்தார். "மறுநா வயித்துல அசைவே இல்லாமப் போச்சு."

அழுத்தம் பார்க்கும் நேரம் வந்தது. வார்டுத் தாதி வேலையாக இருந்தாள். நான் பார்க்கவா என்றேன். அக்கா கையை நீட்டினார். பட்டையைக் கட்டும்வரை கூர்ந்து பார்த்தவர், நான் காதில் குழாயை மாட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நம்பர் சொல்லாத. நல்லா இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு."

காற்றை மிக மெதுவாக இறக்கினேன்.

"நல்லா இருக்கு அக்கா."

"அப்படியா," என்றார். அந்த வார்த்தையை அவர் கேள்வியாக இல்லாமல் இறக்கிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்கு அறுவை சிகிச்சை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி, நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணித் திரை. ஆராய்ச்சிப் படிவத்தோடு நான் அவர் தலைமாட்டில் நின்றேன். அறுவை செய்தவர் அந்த ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர். தமிழர்தான், சிடுசிடுப்பானவர். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமே கேட்காமல் கிடந்தார். அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் அசைவு. ஒரு கத்திரிக்கோலின் ஓசை. பிறகு அழுகை. அறை அதிர்ந்தது.

அக்காவின் கழுத்து நிமிர்ந்தது. "மிஸி, அழுவுறது யாரு?"

"உங்க புள்ளதான் அக்கா!"

"பக்கத்து ரூம்லயும் ஆபரேசன் நடக்குதே."

திரைக்குப் பின்னால் டாக்டர் முகமூடிக்குள் வெடித்துச் சிரித்தார். "கையில ஊசி நூலு வச்சிருக்கேன்மா, சிரிக்க வைக்காதீங்க!" பிறகு தாதியிடம், "மொதல்ல அந்தம்மாகிட்டக் காட்டுங்க, இல்லன்னா நம்பமாட்டாங்க," என்றார்.

பெண் குழந்தை. துணியில் சுற்றி அக்காவின் கன்னத்தோரம் பிடித்தார்கள். சிவந்து, நெற்றி சுருங்கி, உலகத்தின் மேல் ஏதோ புகார் இருப்பதுபோல் கத்திக்கொண்டிருந்தாள். அக்கா நெற்றியைப் பார்த்தார். காதுகளைப் பார்த்தார். கட்டப்படாத கையால் துணியை விலக்கி, அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தார். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

என் கையில் படிவம் இருந்தது. 'உயிருடன் பிறந்தது' என்ற வரியில், நான் இன்னும் பேனாவை வைக்கவில்லை.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி மிஸி," என்றார். "எழுதிக்க."